கம்பி எங்கே முடிகிறது?

மதிய நிகழ்ச்சி முடிந்து ஒலிபரப்பு அறையைவிட்டு வெளியே வந்தபோது கைப்பேசியில் ஒரு குறுந்தகவல் காத்திருந்தது. அன்று 'முதல் பிரசவம்' பற்றி நேயர்களோடு பேசியிருந்தோம். சிரிப்பும் கேலியுமாகப் போன ஒரு மணி நேரம். பேச்சுவாக்கில் நானும், "என் முதுகுல ரெண்டு கம்பி இருக்கு, அதோடதான் பிள்ளை பெத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

குறுந்தகவல் இதுதான்: "அக்கா, எனக்கும் முதுகுல கம்பி இருக்கு. இப்ப ஏழு மாசம். வலி தெரியாம இருக்க முதுகுல போடுற ஊசி எனக்குக் கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு எப்படிப் போட்டாங்க?"

ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. அன்றிரவு அவரோடு முக்கால் மணி நேரம் பேசினேன். இதே கேள்வியோடு நான் அலைந்த நாள்களில், நம் மொழியில் இதை உட்கார வைத்துச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பட்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன். முடிவை உங்கள் மருத்துவரோடு பேசி எடுங்கள்.

குனியச் சொன்ன தாதி

தொடக்கநிலை ஆறில் படித்தபோது பள்ளிக்குச் சுகாதாரப் பரிசோதனைக் குழு வந்தது. தாதி ஒருவர் கைகளைச் சேர்த்து முன்பக்கமாகக் குனியச் சொன்னார். தோழிகள் எல்லாரும் குனிந்து, நிமிர்ந்து, போய்விட்டார்கள். என்னை மட்டும் இரண்டாவது முறை குனியச் சொன்னார். முதுகின் வலது பக்கம் இடது பக்கத்தைவிட மேடாக இருந்ததாம். எக்ஸ்ரே எடுத்தபோது முதுகெலும்பு நேராக இல்லாமல் ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல வளைந்திருந்தது.

ஸ்கோலியோசிஸ் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரிக்குக் குறையாமல் வளைந்திருந்தால் அந்தப் பெயர். பதின்ம வயதினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. பெரும்பாலோருக்குக் காரணம் என்னவென்று சொல்ல முடியாது. கனமான புத்தகப் பையைத் தூக்கியதாலோ கூனி உட்கார்ந்ததாலோ இது வருவதில்லை. "நேரா உக்காருன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று அம்மா பல நாள் தன்னையும் என்னையும் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டுமே தேவையற்றவை.

லேசான வளைவு ஆண், பெண் இருபாலருக்கும் வரும். ஆனால், வளைவு கூடிக்கொண்டே போய்ச் சிகிச்சை தேவைப்படுபவர்களில் பெண் பிள்ளைகளே மிக அதிகம். பள்ளி வயதில் தொடங்கிய பேச்சு பின்னாளில் பிரசவ அறை வரை வருவது அதனால்தான்.

எனக்கு முதலில் 28 டிகிரி. இரண்டு ஆண்டுகள் பள்ளிச் சீருடைக்குள் பிளாஸ்டிக் கவசம் அணிந்தேன். நம் ஊர் வெயிலில் அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வளைவு 54 டிகிரிக்குப் போய்விட்டது. 45, 50 டிகிரியைத் தாண்டினால்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். 2004ஆம் ஆண்டு, உயர்நிலை இரண்டின் ஆண்டிறுதி விடுமுறையில் எனக்கு அது நடந்தது. அப்போது வயது 14.

வளைந்த பகுதியில் உள்ள முள்ளெலும்புகளில் திருகுகளைப் பொருத்தி, இரு பக்கமும் கம்பிகளை இணைத்து, முடிந்த அளவு நேராக்குவார்கள். பிறகு எலும்புத் துணுக்குகளை இடையிடையே வைப்பார்கள். மாதக்கணக்கில் அவை வளர்ந்து, தனித்தனியாக இருந்த எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரம் மாதிரிதான் கம்பி. ஒரே வித்தியாசம், இந்தச் சாரத்தைப் பெரும்பாலும் கழற்றுவதில்லை.

கழுத்து மூடிய ரவிக்கை

வீட்டில் அந்த அறுவை சிகிச்சைக்குப் பெயரே இல்லை. உறவினர்கள் கேட்டால், "சின்ன முதுகு வலி, சரி பண்ணிட்டாங்க" என்பார் அம்மா. கல்யாணப் பேச்சு வந்தபோது, "அத இப்ப எதுக்குச் சொல்லணும்? நல்லாத்தானே இருக்கே" என்றார். என் கணவரிடம் முதல் மாதமே சொல்லிவிட்டேன். மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முதுகு முழுவதும் மூடிய ரவிக்கை தைத்தோம். தேக்காவில் துணி எடுத்த கடையில், "இந்தக் காலத்துப் பொண்ணு இப்படிக் கேக்குறியே" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, 2018 அக்டோபரில், பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இளவரசி யூஜினி வின்ட்சரில் மணம் முடித்தார். அவருக்கும் 12 வயதில் இதே அறுவை சிகிச்சை நடந்தது. முதுகுப் பக்கம் தாழ்வாக வெட்டிய ஆடையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, முக்காடும் போடாமல், தழும்பு உலகத்துக்கே தெரியும்படி நடந்து போனார். அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "அவங்க இளவரசி" என்று பதில் வந்தது. அந்த இளவரசிக்கு 2021லும் 2023லும் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. அதையும் அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை.

'கம்பி இருந்தால் கிடையாது'

கருவுற்றதும் முதலில் போன இடத்தில், என் தழும்பைப் பார்த்த மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: ராட் இருக்கிறது, அதனால் எபிடியூரல் கிடையாது. சிசேரியனாக இருந்தால் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம் என்றார். அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் எனக்குத் தூக்கமில்லை. வலிக்குப் பயந்து மட்டும் இல்லை. பிள்ளை பிறக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேனோ என்பதுதான் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

பிறகு மருத்துவரை மாற்றிக்கொண்டோம். புதிய மகப்பேறு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது: "கம்பி எங்கே முடிகிறது?"

எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக என் உடம்பில் இருக்கும் ஒன்று, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாது.

அந்தக் கேள்விக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம் என்று அவர் விளக்கினார். இடுப்புக்கு மேலே, முதுகின் கீழ்ப்பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. மருத்துவர்கள் அவற்றை மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை என்பார்கள். தண்டுவடம் பெரியவர்களுக்கு எல்1, எல்2 அளவில் முடிந்துவிடும். எபிடியூரல் ஊசியைப் பொதுவாக அதற்கும் கீழே, எல்3, எல்4 பக்கம் உள்ள இடைவெளியில்தான் போடுவார்கள். மருந்து தண்டுவடத்துக்குள் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே ஒரு மெல்லிய இடம் இருக்கிறது. அங்கே முடியளவு குழாயைச் செலுத்தி, பிரசவம் முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விடுவார்கள்.

ஆக, கம்பியும் ஒட்டிய எலும்பும் எல்1இலோ அதற்கு மேலேயோ முடிந்துவிட்டால், ஊசி போடும் இடம் பெரும்பாலும் தொடப்படாமல் இருக்கும். மற்றவர்களுக்குப் போடுவதைப் போலவே போட வாய்ப்பு அதிகம். எல்4 வரை இறங்கியிருந்தால் சிரமம். ஊசி நுழைய வேண்டிய இடைவெளியை எலும்பு அடைத்திருக்கும். 'கம்பி இருக்கிறதா, இல்லையா' என்பது பாதிக் கேள்விதான். எது வரை என்பதுதான் மீதி.

தழும்பைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. தோலில் உள்ள கோடும் உள்ளே எலும்பு ஒட்டியிருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கர்ப்ப காலத்தில் இதற்காக எக்ஸ்ரே எடுக்கவும் தயங்குவார்கள். பழைய அறிக்கை, பழைய எக்ஸ்ரே வேண்டும்.

பிஸ்கட் டின்

அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். பழைய கோப்பு, தேட நாளாகும் என்றார்கள். வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதைப் புலம்பினேன். அம்மா எதுவும் பேசாமல் எழுந்து போய், அலமாரிக்கு மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதில் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் பழைய கடப்பிதழ், அவற்றுக்கெல்லாம் அடியில் நான்காக மடித்த ஒரு காகிதம்.

2004இல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த அறிக்கை. யாரிடமும் சொல்லாதே என்று எனக்குச் சொன்ன அதே அம்மா, இருபது ஆண்டுகளாக, இரண்டு முறை வீடு மாறியபோதும் அதைத் தொலைக்காமல் வைத்திருந்தார். அதில் ஒரு வரி: டி4 முதல் எல்3 வரை. நெஞ்சுப் பகுதியில் நான்காவது எலும்பிலிருந்து கீழ்முதுகில் மூன்றாவது எலும்பு வரை, மொத்தம் 12 எலும்புகள் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. எனக்குக் கீழே மிச்சம் எல்4, எல்5 மட்டும்.

அந்தக் காகிதத்தோடு 30ஆவது வாரத்தில் மயக்க மருந்து நிபுணரைப் பார்த்தேன். பிரசவ அறையில் அல்ல. அவருடைய அறையில், நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக. அவர் அல்ட்ராசவுண்ட் கருவியை என் முதுகில் வைத்துப் பார்த்தார். விரலால் தடவி எலும்பை எண்ணும்போது ஒன்று முன்னே பின்னே தவறுவது சகஜமாம். கருவியில் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். எல்4க்கும் எல்5க்கும் நடுவில் வழி இருக்கிறது என்றார்.

ஆனால், வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. பழைய அறுவை சிகிச்சையால் உள்ளேயும் தழும்புத் திசு இருக்கலாம். பாத்தியில் தண்ணீர் விடும்போது நடுவில் கல் கிடந்தால் ஒரு மூலைக்கு ஈரம் போகாது அல்லவா? அதுபோல, மருந்து ஒரு பக்கம் பரவி, இன்னொரு பக்கம் பரவாமல் போகலாம். ஊசியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை குத்த நேரலாம். தவறி உறையைத் துளைத்துவிட்டால், பிறகு சில நாள் கடுமையான தலைவலி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். கேட்டுவிட்டு வெளியே வந்தபோது பயம் கூடவில்லை, குறைந்திருந்தது.

எபிடியூரல் அமையாவிட்டால் வேறு என்ன என்றும் பேசி எழுதி வைத்தோம். முகமூடி வழியாக நாமே இழுத்துக்கொள்ளும் என்டோநாக்ஸ் வாயு இருக்கிறது. அது பாதி நைட்ரஸ் ஆக்ஸைடும் பாதி ஆக்சிஜனும். வலியை முழுதாகப் போக்காது; தலையைக் கொஞ்சம் லேசாக்கும். பெத்திடின் ஊசி உண்டு. அது தூக்கக் கலக்கத்தைத் தரும்; பிரசவத்துக்கு ரொம்ப நெருக்கத்தில் போட்டால் குழந்தையும் சோர்வாகப் பிறக்கலாம். சில மருத்துவமனைகளில் ரெமிஃபென்டானில் என்ற மருந்தை நரம்பு வழியாக, வலி வரும்போது நாமே பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். வேகமாக வேலை செய்யும், வேகமாகக் கலைந்தும் விடும். மூச்சை மந்தப்படுத்தக்கூடியது என்பதால் பக்கத்திலேயே ஒருவர் கண்காணிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் முதுகோடு சம்பந்தமே இல்லை.

சிசேரியன் என்றால்? கம்பி இருப்பதாலேயே சிசேரியன் செய்ய வேண்டும் என்பதில்லை என்று முதலில் தெளிவுபடுத்தினார். எனக்குக் கம்பி இடுப்புக்கூட்டுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. குழந்தை வரும் பாதையில் அது இல்லை. வேறு காரணத்துக்காகச் செய்ய நேர்ந்தால், ஒரே ஊசியாகப் போடும் ஸ்பைனல் முறையைப் பார்க்கலாம். அதில் மருந்து உறைக்கு உள்ளே, திரவத்தில் கலப்பதால், வெளியே உள்ள தழும்பு அவ்வளவாகத் தடுக்காது. அதுவும் முடியாவிட்டால்தான் முழு மயக்கம்.

வளைகாப்பில் ஒரு பேச்சு

வளைகாப்பு முடிந்து பெண்கள் எல்லாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எபிடியூரல் பக்கம் வந்தது. "நான் மூணு பேரப் பெத்தேன். ஊசி கீசி ஒண்ணும் போடல. பொறுத்துக்கிட்டா தீந்துச்சு" என்றார் மாமியார். வழக்கமாகச் சிரித்து மழுப்பிவிடுவேன். அன்று என்னவோ தோன்றியது. கூட்டம் கலைந்த பிறகு சமையலறையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏம்மா என்கிட்ட சொல்லல? கல்யாணமான முதல் தீபாவளிக்கு உன்னத் தரையில உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் முறுக்குப் புழிய வச்சேனே" என்றார்.

நான் எதிர்பார்த்த கோபம் வேறு. அவருக்கு வந்த கோபம் வேறு. அடுத்த வாரமே மாமாவிடம் சொல்லி எனக்கு உயரமான நாற்காலி ஒன்றை வாங்கி வைத்துவிட்டார்.

கடைசி மாதங்களில் அந்த நாற்காலி பெரிய உதவி. மேலே 12 எலும்புகள் அசையாதபோது, வயிற்றின் பாரத்துக்கு வளைந்து கொடுக்கும் வேலை கீழே உள்ள இரண்டு மூன்று மூட்டுகளுக்குத்தான் போகிறது. கீழ்முதுகு வலி எனக்கு நிறையவே இருந்தது. உடற்பயிற்சி சிகிச்சையாளர் சொன்ன பயிற்சி, வயிற்றைத் தாங்கும் பட்டை, பக்கவாட்டில் படுக்கும்போது கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, இவற்றால் சமாளித்தேன். வளைவு நெஞ்சுப் பகுதியில் பெரிதாக இருப்பவர்களுக்கு மூச்சு வாங்கலாம். 'கர்ப்பம்னா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நடந்தது

விடியற்காலை மூன்று மணிக்கு வலி தொடங்கியது. பத்து மணிக்கு எபிடியூரல் கேட்டேன். கோப்பில் எல்லாம் எழுதியிருந்ததால் அனுபவமுள்ள நிபுணர் வந்தார். முதல் முறை ஊசி சரியாக அமையவில்லை. இரண்டாவது முறை அமைந்தது. இருபது நிமிடத்தில் இடது பக்கம் மரத்துவிட்டது. வலது பக்கம்? ஒவ்வொரு வலியும் முழுதாகத் தெரிந்தது.

எனக்கு முன்பே சொல்லாமல் இருந்திருந்தால் அந்த நிமிடம் அலறியிருப்பேன். 'பாத்தியில் கல்' என்று நினைத்துக்கொண்டேன். குழாயை ஒரு சென்டிமீட்டர் அளவு வெளியே இழுத்து, என்னை வலது பக்கமாகப் படுக்க வைத்து, இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்தார்கள். பெரும்பகுதி அடங்கியது. வலது இடுப்பில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் கடைசி வரை மசியவில்லை. அதற்கு என்டோநாக்ஸ். மாலை ஐந்தே முக்காலுக்கு மகள் பிறந்தாள். 3.1 கிலோ. நான் விழித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, உடம்பு உருவி வயிற்றைக் கட்ட மலாய்க்கார அம்மா ஒருவர் வந்தார். அவர் முதுகில் கை வைப்பதற்கு முன், "முதுகில கம்பி இருக்கு, அங்க அழுத்தாதீங்க" என்று மலாய் மொழியில் முந்திக்கொண்டு சொன்னவர் என் மாமியார். மசாஜ் பற்றியும் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தோம்.

உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ

இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால், கருவுறும் முன்பே, முடியாவிட்டால் ஆரம்ப மாதங்களிலேயே, இவற்றைச் செய்து வையுங்கள்:

• அறுவை சிகிச்சை அறிக்கையையும் கடைசி எக்ஸ்ரேயையும் தேடி எடுங்கள். எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை என்ற அந்த ஒரு வரிதான் முக்கியம். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

• முதல் சந்திப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். மயக்க மருந்து நிபுணரை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நள்ளிரவில், வலிக்கு நடுவே நடக்க வேண்டிய உரையாடல் இல்லை இது.

• முதுகை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

• எபிடியூரல் பாதிதான் வேலை செய்தால் என்ன செய்வோம், வேலையே செய்யாவிட்டால் என்ன, அவசர சிசேரியன் என்றால் என்ன என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

• ஒருவர் 'கிடையாது' என்றால், 'ஏன்?' என்று கேளுங்கள். சிலருக்கு உண்மையிலேயே கிடையாதுதான். ஆனால், காரணம் அவருடைய எலும்பில் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வளைவு சில குடும்பங்களில் தொடர்ந்து வருவது உண்டு. உங்களுக்கு இருந்தால் பிள்ளைகள் வளரும் வயதில் முதுகைக் கவனியுங்கள். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் காகிதத்தைப் பத்திரமாக வைப்பதோடு நிறுத்தாமல், அது எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடமும் சொல்லுங்கள்.

குறுந்தகவல் அனுப்பிய தங்கை நேற்று மீண்டும் எழுதியிருந்தார். பழைய கோப்பு கிடைத்துவிட்டதாம். "எல்1ல முடியுதாம் அக்கா. அடுத்த புதன்கிழமை மயக்க மருந்து டாக்டரைப் பாக்கப் போறேன். மாமியாரும் கூட வர்றேன்னு சொல்றாங்க."